ஒசர மாடியில் என் சட்டை

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். லாரி ஓட்டுகிறவர்களிடம் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. மலைப்பாதையில் வெள்ளைப் புடவை கை காட்டியது, கர்நூல் தாண்டி ஏறின பெரியவர் நடுவழியில் காணாமல் போனார் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். தூங்காதவன் கண்ணுக்குத் தூக்கமே புடவை கட்டிக்கொண்டு வரும், போய்ப் படுங்கடா என்பேன். இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் எனக்கு அதையே சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன், எனக்கே பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது. மீதி நாள்தான் சங்கடம்.

எங்கள் வீடு வில்லியனூர் பக்கம். புதுச்சேரி என்றதும் எல்லோருக்கும் கடற்கரையும் மஞ்சள் சுவரும்தான் ஞாபகம் வரும், எங்கள் பக்கம் அதெல்லாம் இல்லை. கரும்பு, நெல், நடுநடுவே மனை போட்டு நட்ட கல், அவ்வளவுதான். அந்தக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி, வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒரு பார்ட்டி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப ஆரம்பித்தார்கள். பதினாலு மாடி. எங்கள் ஊரில் கோயில் கோபுரத்தைத் தவிர அண்ணாந்து பார்க்க வேறு எதுவும் இருந்ததில்லை. இந்த அத்துவானத்தில் வானத்துக்குப் பக்கத்தில் போய் எவன் குடியிருப்பான் என்று டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது ஒவ்வொரு தளமாக ஏற ஏற எனக்கு ஏதோ சொந்தக்காரப் பையன் வளர்கிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. கட்டடத்துக்குப் பெரிய இங்கிலீஷ் பேர் ஒன்று போர்டில் இருந்தது, ஜனங்கள் 'ஒசர மாடி' என்றார்கள். கண்டக்டரும் 'ஒசர மாடி இறங்கு' என்று கத்த ஆரம்பித்த பிறகு அதுவே ஸ்டாப்புக்குப் பேராகிவிட்டது.

நான் பம்பாய் பார்த்தவன், ஐதராபாத் பார்த்தவன். கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் எங்கள் மாடியைப் போல நாலு மடங்கு இருக்கும், சரக்கு இறக்குகிற வரைக்கும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அங்கே ஒன்றை இன்னொன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது, எது எவனுக்குச் சொந்தம் என்று தெரியாது. எங்களுடையது தனியாக நிற்கும். நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு, தூக்கம் கெட்டு, இடுப்பு கழன்று வரும்போது, கண்டமங்கலம் தாண்டினதும் கரும்புக்கு மேலே அதன் தலை தெரியும். பூசாத சாம்பல் நிறம்தான், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் தானாகப் பாதி எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் அவசரம் எதற்கு, வீடு வந்துவிட்டதே. தாஜ்மகாலைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை, நம்பினால் நம்புங்கள்.

அந்தக் கட்டடத்தில் என் மச்சான் பலராமன்தான் மேஸ்திரி. மச்சான் என்றால் என் மனைவி செல்வியின் தம்பி, பாகூர்க்காரன். மேல் தளத்தின் விளிம்பில் அவர்கள் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார்கள். புது வீடு கட்டுகிற எல்லோரும் கட்டுவதுதான். மூங்கிலைக் குறுக்கே வைத்து, வைக்கோல் திணித்து, பேண்ட் சட்டை மாட்டி, மண்சட்டித் தலையில் முட்டைக்கண்ணும் காதுவரைக்கும் மீசையும் வரைந்து, ரோட்டைப் பார்க்க நிறுத்துவார்கள். பார்க்கிறவன் கண்ணெல்லாம் பொம்மை மேல் விழட்டும், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கணக்கு. பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் அதை இறக்கி முச்சந்தியில் வைத்துக் கொளுத்துவார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே அந்தப் பொம்மை தெரியும், நடுவில் ஒரு கரும்புக் கொல்லைதான். சட்டை போட்டிருக்கிறது என்று தெரியும். யார் சட்டை என்று அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்?

அது நின்ற பிறகுதான் எனக்கு இந்த அசதி வந்தது. அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அசதி என்றால் வேலை செய்த அசதி இல்லை, அது எனக்குப் பழகினது. இது வேறு. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் விடிய விடிய நின்றுகொண்டிருந்தவன் மாதிரி கெண்டைக்கால் கடுக்கும். இரண்டு தோளும் யாரோ கையை விரித்துக் கட்டி வைத்திருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி வலிக்கும். டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார், சர்க்கரை பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். வயசாகிறதப்பா என்றார் லாரி ஓனர். நாற்பத்தைந்து ஒரு வயசா?

நடுவில் கட்டட வேலை நின்றுபோனது. பங்குதாரர்களுக்குள் ஏதோ தகராறு என்று பேசிக்கொண்டார்கள். வேலை நின்றால் பால் காய்ச்சுவது ஏது? பொம்மை வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்றது. அந்த வருஷம் புயல் அடித்தபோது நான் சோலாப்பூரில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, கேபினில் படுத்திருந்தவன் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டு எழுந்தேன். காய்ச்சல் விட்டு வேர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் செல்வி போன் பண்ணி இங்கே பேய்மழை என்றாள். அதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நம்பாதவனுக்கு இது ஒரு வசதி, எதையும் எதோடும் சேர்க்க வேண்டியதில்லை.

பயம் வந்தது வேறு காரணத்துக்கு. ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே கண் செருகத் தொடங்கியது. பின்னால் பதினாறு டன், முன்னால் யார் பெற்ற பிள்ளையோ. ஒரு நாள் எவனையாவது நசுக்கிவிட்டு நிற்கப் போகிறேன் என்று உள்ளுக்குள் உதறிக்கொண்டே இருந்தது. வண்டியை விட்டுவிட்டு ஏதாவது கடை வைக்கலாமே என்று செல்வி கெஞ்சினாள். எனக்கு வேறு என்ன தெரியும்? அந்த நாட்களில் இருந்த ஒரே சுகம், வீட்டுக்கு வந்தால் சுடுசோறு. முன்பெல்லாம் நான் வந்து குளித்த பிறகுதான் உலை வைப்பாள். ஏனென்றால் வருகிறேன் என்று நான் போன் பண்ணுவதில்லை, சொல்லிவிட்டால் வழி நீளும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு எண்ணம். இப்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றும்போதே சோறு வடித்து ஆவி பறந்துகொண்டிருக்கும். தாலி கட்டி இத்தனை வருஷம் ஆகிறது, அவளுக்குத் தெரியாதா என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். ராத்திரி கூட இல்லை, நல்ல வெளிச்சம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் போகிற நேரம் கடந்து கொஞ்சம்தான் ஆகியிருந்தது. நாசிக் வெங்காயம். கண்டமங்கலம் தாண்டினேன். சூரியன் எனக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, அந்த வெயில் ஒசர மாடி மேல் விழுந்து சாம்பல் கட்டடம் முழுக்கப் பொன் பூசின மாதிரி நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்து, என் கண்ணில் நேராக வெயில். கண் கூசியது, மூட முடியவில்லை. கீழே கரும்பு, பாய் விரித்த மாதிரி. ரயில் ரோடு ஒரு கோடு, பக்கத்தில் தார் ரோடு ஒரு கோடு. தார் ரோட்டில் ஆரஞ்சு கேபின் வைத்த லாரி ஒன்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. தார்ப்பாயில் நான் போட்ட பச்சை ஒட்டு தெரிந்தது. அது என் வண்டி. நேராக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டே வந்தது, தூங்கிப்போனவன் ஓட்டுகிற வண்டி எப்படி வருமோ அப்படி. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ. நடவு முடித்து வருகிற பெண்கள், உட்கார இடமில்லாமல் பின்னால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கத்தப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. கையை ஆட்டப் பார்த்தேன். இரண்டு கையும் விரித்தபடி கட்டியிருந்தது. அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை என்னால் சொல்ல முடியாது.

பிறகு 'உஸ்'ஸென்று காற்று விடுகிற சத்தம், பிரேக் அடிக்கிற சத்தம். நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ரோட்டுக்கு நடுவில் நின்றிருந்தது. ஆட்டோ வாய்க்கால் ஓரமாக மண்ணில் இறங்கி நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கால் பிரேக்கில் இல்லை. இரண்டு காலும் மடித்த மாதிரி சீட்டுக்கு அடியில் இருந்தது. கண்ணெல்லாம் வெயில் பார்த்த கண் மாதிரி பச்சையும் ஊதாவுமாகப் பூச்சி பறந்தது. முன்னால் பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு, முதுகில் அடித்த வெயில் எப்படிக் கண்ணைக் கூசவைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கிவந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, இடுப்பில் சொருகின புடவை. அடிக்கத்தான் வருகிறாள் என்று கதவைத் திறந்து இறங்கி நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், அப்புறம் எட்டி கேபினுக்குள் பார்த்தாள்.

"ஓட்டிக்கினு வந்தவன் எங்கப்பா?"

நான்தான் ஓட்டினேன் என்றேன்.

"நீ இல்ல. நான் மூஞ்ச பாத்தேன். மீச வச்சிக்கினு ஒர்த்தன் உக்காந்துகினு இருந்தான், இம்மாம் பெரிய மீச. அவன் இல்லன்னா நாங்க இன்னிக்கு கூழு ஆயிருப்போம்."

அவள் கையை மூக்கிலிருந்து காதுவரைக்கும் இழுத்துக் காட்டினாள். நான் மீசை வைத்தவன் இல்லை, என்றைக்குமே வைத்ததில்லை, எங்கள் அப்பா வைக்கச் சொல்லி அலுத்துப்போனார். கிளீனர் வைத்து ஓட்டுவதையும் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் மிதியின் மேல் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது. ரோட்டில் வைக்கோல் காயப்போடுகிற ஊர்தான் இது, செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வரலாம், ஏன் வரக் கூடாது.

வீட்டுக்குப் போய் செல்வியிடம் சொன்னேன். வழக்கம் போலச் சோறு சூடாக இருந்தது, தொட முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது, கடைசியில் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பலராமன் பொம்மைக்குப் பழைய சட்டை கேட்டு வந்தபோது நான் ஊரில் இல்லை. பேண்ட் அவன் கொண்டுவந்துவிட்டான், சட்டை இல்லை. அடைமழை நாள், துவைத்ததெல்லாம் ஈரம். ஆணியில் மாட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். டிரிப்பிலிருந்து வந்து நான் கழற்றி மாட்டின சட்டை, வேர்வையோடு. அது எங்கே என்று நான் கேட்டதற்கு, கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பக்கம் கட்டின துணியை அப்படியே யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பிச்சைக்காரனுக்குக் கொடுத்தாலும் தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வீட்டில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். நூலை உருவாமல் கொடுத்தால் துணியோடு ஆளும் போகிற மாதிரி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தம்பிதானே கேட்கிறான் என்கிற அவசரத்தில் அவள் நனைக்கவும் இல்லை, நூலை உருவவும் இல்லை.

"எனக்கு அப்பவே திக்குன்னுது. பொம்மைக்குத்தானன்னு வுட்டுட்டேன். நாளைக்கே போயி ஒரு நூலயாவது உருவிக்கினு வா. உன் கால்ல வேணா வுழறேன்" என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. திட்டக்கூட அசதியாக இருந்தது.

மறுநாள் பகலில் பலராமன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்குப் பயம், பால் காய்ச்சுவதற்கு முன்னால் பொம்மையை இறக்கினால் கட்டடத்துக்கு வருவதெல்லாம் மேஸ்திரி தலையில்தான் விழும் என்றான். இறக்க வேண்டாம், நூல்தான் என்று செல்வி அவனிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். லிப்ட் வைக்க விட்ட குழி காலியாக இருந்தது, படியில்தான் ஏற வேண்டும். தளத்துக்குத் தளம் உட்கார்ந்து எழுந்து போனேன். அந்தக் கட்டடத்தை இத்தனை நாள் ரோட்டிலிருந்தே பார்த்தவன், உள்ளே அன்றைக்குத்தான் நுழைந்தேன். புறா எச்சமும் சிமெண்டு வாசனையும். மேலே போய் நின்றதும் ஒரு பக்கம் வில்லியனூர்க் கோபுரம், அதற்கப்பால் ஆறு, இன்னும் தள்ளி ஒரு நீலக் கோடாகக் கடல். அவ்வளவு அழகை எங்கள் ஊருக்குள் யார் ஒளித்து வைத்தது என்று நினைத்தேன். பிறகு மேற்கே திரும்பினேன். கரும்பு, ரயில் ரோடு, தார் ரோடு, வாய்க்கால். முந்தின நாள் நான் பார்த்தது அப்படியே இருந்தது, இம்மி மாறவில்லை.

பொம்மையின் மண்சட்டி வெடித்திருந்தது, மீசை மட்டும் அழியவில்லை. என் சட்டைதான். தோளுக்குக் கீழே கிழிந்த இடத்தில், நீல நூல் தீர்ந்துபோய் செல்வி பச்சை நூலால் தைத்தது அப்படியே இருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது, வைக்கோல் கலகலவென்று காய்ந்து கிடந்தது. நூலை உருவலாம் என்று சட்டையின் கக்கத்துப் பக்கம் கை வைத்தேன். ஈரம். கையை மோந்து பார்த்தேன். என் வேர்வை வாசனை எனக்குத் தெரியாதா? வலது கால் முனையில் மட்டும் வைக்கோல் நசுங்கி உதிர்ந்திருந்தது. காக்கா இழுத்திருக்கும் மாமா என்றான் பலராமன். அவன் குரல் சரியில்லை.

நூலின் முனை என் விரலில் வந்துவிட்டது. இழுத்தால் வந்திருக்கும். இழுத்தால் இந்த அசதி போய்விடும், இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி மனுஷன் மாதிரி தூங்கலாம். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்று தூக்கம் கெட்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்கள் கண் முன்னால் வந்தார்கள். எனக்கு வருகிற அசதி இதனால் வருகிறதா, அல்லது என் அசதியில் பாதியை இது இங்கே நின்று சுமக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் தூங்கும்போது ஒருவன் விழித்துக்கொண்டிருக்கிறான், அது மட்டும் பிடிபட்டது.

"வேணாம் பலராமா, இருக்கட்டும்" என்றேன்.

இறங்கி வந்துவிட்டோம்.

செல்வியிடம் மறைக்கவில்லை. அவள் நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நான் இன்னும் வண்டிதான் ஓட்டுகிறேன். அசதி அப்படியேதான் இருக்கிறது, இதோ உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தோள் இரண்டும் இழுக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வண்டி ஒரு முறைகூடக் கோடு தாண்டவில்லை. கண் செருகியிருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வண்டி மட்டும் தாண்டவில்லை.

இப்போது தகராறெல்லாம் தீர்ந்து கட்டடத்தில் மறுபடி வேலை நடக்கிறது. பூச்சு முடிந்து வெள்ளையடித்து விட்டார்கள், கண்டமங்கலத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று நிற்கிறது, முன்னைவிட அழகுதான். தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறார்கள் என்று போன வாரம் பலராமன் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றில் ஆவி பறந்தது. என்னவோ அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது, நான் எப்போது வருவேன் என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

செல்வி குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். துணி எடுக்க மாடிக்குப் போவாளாம், ஒசர மாடியைப் பார்ப்பாளாம். பொம்மை நின்றால் நான் இன்னும் தூரத்தில் இருக்கிறேன் என்று அர்த்தமாம். காணோம் என்றால் கண்டமங்கலம் தாண்டிவிட்டேனாம். கீழே வந்து உலை வைப்பாளாம். நான் வந்து படுத்த பிறகு போய்ப் பார்த்தால் மறுபடி நிற்குமாம். முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்றாள்.

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பால் காச்சினா அத கொளுத்திடுவாங்க இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் நான் எத பாத்து உல வெக்கிறது?"